பத்து நன்றியும் இரண்டாம் டிகாக்‌ஷனும்

கேள்வி: எனக்கு வயது 49. ஈரோட்டில் வீடு. காவிரிக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் கணவர், மாமனார், மாமியார், கல்லூரி கடைசி வருஷம் படிக்கும் மகள், வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருக்கும் கொழுந்தனார் மகன். வீட்டுக் கடன் போன வருஷம் முடிந்தது. மகளுக்கு கேம்பஸில் வேலை உறுதியாகிவிட்டது. யாருக்கும் பெரிய நோய்நொடி இல்லை. குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் எதிலும் சந்தோஷம் ஒட்டமாட்டேன் என்கிறது. நான்கு மாதத்துக்கு முன் என் நாத்தனார் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். தினமும் இரவு பத்து மணிக்குள், அன்றைக்கு நன்றி சொல்லவேண்டிய பத்து விஷயங்களை எழுதிப் போடவேண்டும். போடாதவர்கள் பெயர் காலையில் குழுவில் வந்துவிடும். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது "கண் தெரிகிறது, கை கால் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது" என்று முந்தின நாள் போட்டதையே எடுத்துப் போடுகிறேன். போன வாரம் பத்தையும் போட்டுவிட்டுக் குளியலறையில் நின்று அழுதேன். இத்தனை இருந்தும் மனசு நிறையவில்லை என்றால் நான் நன்றி கெட்டவளா, டாக்டர்?

– வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நன்றி கெட்டவர் என்று உங்களை நான் சொல்லமாட்டேன். களைத்துப்போனவர் என்று சொல்வேன். உங்கள் கடிதத்தை இடத்துக்கு ஏற்றபடி சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறது. முழுக் கடிதத்தையும் படித்தேன். அதில் போகிறபோக்கில் மூன்று விஷயங்களை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை அவைதான். அதற்கு முன் அந்தப் பத்தைப் பார்த்துவிடுவோம்.

1991இல் நோர்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். நீங்கள் விட்டுக்கொடுக்காமல் உறுதியாக நின்ற சந்தர்ப்பங்களை எழுதுங்கள் என்று கேட்டார்கள். சிலரிடம் ஆறு, வேறு சிலரிடம் பன்னிரண்டு. எழுதி முடித்ததும், நீங்கள் எவ்வளவு உறுதியானவர் என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பன்னிரண்டு எழுதியவர்கள்தானே தங்களை உசத்தியாகச் சொல்லியிருக்கவேண்டும்? அவர்கள்தான் தங்களைக் குறைத்துச் சொன்னார்கள். ஐந்தாறு சம்பவம் சட்டென்று ஞாபகத்துக்கு வந்துவிடும். எட்டு, ஒன்பது என்று போகும்போது மூளையைக் கசக்கவேண்டும். அந்தச் சிரமத்தையே மனம் சாட்சியாக எடுத்துக்கொள்கிறது: இவ்வளவு யோசித்தும் வரவில்லை என்றால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை போல. இராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு ஏழாவது நன்றியைத் தேடும் உங்களுக்கும் இதேதான் நடக்கிறது. கோளாறு பத்து என்ற அந்த எண்ணில் இருக்கிறது. நீங்கள் பழியை மனசின் மேல் போடுகிறீர்கள்.

நன்றிக் குறிப்பு எழுதுவதே வீண் என்று நான் சொல்லவரவில்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. அதன் முதல் சோதனையில் மாணவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஐந்து விஷயங்கள் வரைதான். தொல்லைகளைப் பட்டியல் போட்டவர்களைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையை நிறைவாக மதிப்பிட்டார்கள். பிறகு சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவினர், வாரம் ஒரு தடவை எழுதுகிறவர்களையும் மூன்று தடவை எழுதுகிறவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது ஒரு தடவை எழுதியவர்களிடம். அடிக்கடி செய்தால் சடங்காகிவிடும்போல. இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பற்றிய 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வின் மேலும் பதற்றத்தின் மேலும் அவற்றின் விளைவு சிறிதாகத்தான் இருந்தது. குழு நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தினமும் பத்து, தவறினால் காலையில் பெயர் என்ற ஏற்பாடு எனக்கு ஹாஸ்டல் வருகைப்பதிவை நினைவுபடுத்துகிறது.

அடுத்து, "கண் தெரிகிறது, சொந்த வீடு இருக்கிறது" என்ற வரிகள். தலையில் வைத்த மல்லிகை கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு மணக்காது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவருக்கு மணக்கும். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். மாறாமல் அப்படியே இருக்கும் எதையும் மனம் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அடமானப் பத்திரம் திரும்பிக் கைக்கு வந்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள்! அதே சந்தோஷம் தினமும் இரவு பத்து மணிக்கு வந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

1978இல் பிலிப் பிரிக்மன் குழுவினர், அமெரிக்காவில் லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரிடம் பேசினார்கள். காலை உணவு, நண்பரோடு பேச்சு, நல்ல ஜோக் ஒன்று, பத்திரிகை படிப்பது, இதெல்லாம் எவ்வளவு இனிக்கிறது என்று கேட்டபோது, பரிசு விழாதவர்களைவிட அவர்கள் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். சின்ன ஆய்வு அது. அதை வைத்துப் பணம் சந்தோஷமே தராது என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். சுவீடனில் ஆயிரக்கணக்கான பரிசுக்காரர்களை வைத்துப் பிற்காலத்தில் நடந்த ஆய்வில், பணம் வந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல வருஷம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. ஆனால் பெரிய நல்லது நடந்தால் சின்னவை தாமாக இனிக்கத் தொடங்கிவிடும் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பை அந்த 22 பேரின் பதில் அசைக்கத்தான் செய்கிறது. கடன் தீர்ந்த வீடு என்பதற்காகக் காபி கூடுதலாக ருசிக்காது.

இப்போது நீங்கள் தாண்டிப் போன இடங்களுக்கு வருகிறேன்.

வேலைக்குப் போய்வரும் அலைச்சலைச் சொல்லும்போது இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மேட்டூர்ல தண்ணி திறந்துட்டா மட்டும், சாயங்காலம் பஸ் பாலத்துல ஏறும்போது ஜன்னலோரம் சீட் கிடைக்கணும்னு இருக்கும். ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு தண்ணி போகும். அந்த ஈரக்காத்து மூஞ்சில அடிக்கும்போது ரெண்டு நிமிஷம் வேற எதுவுமே ஞாபகம் வராதுங்க. அதெல்லாம் ஒரு விஷயமா, அதை விடுங்க."

விடமாட்டேன். அதுவரை எழுத்துத் தமிழில் தயங்கித் தயங்கி எழுதிக்கொண்டு வந்தவர், இந்த இடத்தில் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டீர்கள். இந்தப் பாலம் உங்கள் பத்தில் ஒரு நாளாவது வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். "அதெல்லாம் ஒரு விஷயமா" என்று நீங்களே தள்ளிவிட்டிருப்பீர்கள். நன்றி முதலில் வரவேண்டும், அதிலிருந்து சந்தோஷம் பிறக்கும் என்று குழுவில் சொல்லித்தருகிறார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் பார்ப்பது தலைகீழாக இருக்கிறது. ஏதோ ஒன்று கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ பிடித்துப்போகிறது. அதோடு கொஞ்ச நேரம் இருக்கமுடிகிறது. "இது நமக்குக் கிடைத்ததே" என்ற எண்ணம் அதற்குப் பிறகு, யாரும் கூப்பிடாமல் வருகிறது. பிடித்துப்போகாமல் நன்றி மட்டும் சொன்னால் அது மரியாதை. மரியாதை நல்லதுதான், ஆனால் மனசை நிறைக்காது.

ஆகவே அந்த இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ் பாலத்தை நெருங்கும்போதே போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். மொத்த ஆற்றையும் பார்க்கவேண்டாம். ஏதாவது ஒன்றைப் பாருங்கள். தூணில் நேற்றைவிடத் தண்ணீர் ஏறியிருக்கிறதா? கொக்கு எங்கே நிற்கிறது? வீட்டுக்குப் போனதும் மகளிடம் ஒரு வரி சொல்லுங்கள். சந்தோஷத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னால் அது இன்னும் கொஞ்ச நேரம் தங்குகிறது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கத் தோன்றும். இரண்டே நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அதற்கே போய்விடும், வேண்டாம்.

தண்ணீர் வராத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவேண்டாம். வருஷம் முழுக்க இரு கரையும் தொட்டு ஓடியிருந்தால் நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். 2013இல் ஜோர்டி க்வாட்பாக், எலிசபெத் டன் என்ற இருவர் ஒரு சாக்லேட் சோதனை செய்தார்கள். ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்கள் அடுத்த தடவை தின்றபோது, வாரம் முழுக்கத் தின்றவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள். சித்திரையில் மட்டும் வண்டியில் வரும் நுங்குக்கு நாம் காட்டும் பாசத்தை வருஷம் முழுக்கக் கிடைக்கும் வாழைப்பழத்துக்குக் காட்டுகிறோமா?

இரண்டாவது இடம், காலை ஆறு மணி. "கெட்டி டிகாக்‌ஷன்ல எல்லாருக்கும் கலந்து கொடுத்துட்டு, இரண்டாவது டிகாக்‌ஷன்ல எனக்கு. அதையும் மேடையில வெச்சுட்டு இட்லி ஊத்தப் போயிடுவேன். திரும்பி வந்து பார்த்தா ஆடை படிஞ்சிருக்கும். ஒரே மடக்கா ஊத்திக்குவேன்."

இதை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை. காலை வேலைகளை வரிசையாகச் சொல்லும்போது இதுவும் வந்துவிட்டது. என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த வரிதான். சின்னச் சின்னச் சந்தோஷங்களை ரசியுங்கள் என்று புத்தி சொல்வது எளிது. ரசிக்க உட்காரவேண்டும். உட்கார நேரம் வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை அந்த நேரத்தை வீட்டில் யாராவது விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. 2019இல் மத்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். உங்கள் மனசு வறண்டுவிட்டது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ருசி பார்க்க உங்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. பாலத்தின் மேல் இரண்டு நிமிடம் யாரும் உங்களிடம் எதுவும் கேட்கமுடியாது, அங்கே ருசிக்கிறது பாருங்கள்.

எனவே என் மருந்துச் சீட்டு இது. நாளை முதல் கெட்டி டிகாக்‌ஷனில் முதல் டம்ளர் உங்களுடையது. நுரை பொங்க ஆற்றி, அடுக்களைக்கு வெளியே, வாசல் படியோ மொட்டைமாடியோ, ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்து சூடாகக் குடிக்கவேண்டும். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது கொழுந்தனார் மகன் பொறுப்பு. வேலை தேடுகிற பையனுக்குக் காலை ஆறு மணிக்கு இன்டர்வியூ எதுவும் இருக்காது. மற்றவர்களுக்குக் காபியை உங்கள் கணவர் கலக்கட்டும். முதலில் தண்ணீராகவோ கசப்பாகவோ கலப்பார், குடித்துவிடுவார்கள். "என்ன புதுசா?" என்று மாமியார் கேட்டால், "டாக்டர் சொல்லியிருக்காருங்க அத்தை" என்று தாராளமாக என் தலையில் போடுங்கள்.

ஒன்றை எச்சரித்துவிடுகிறேன். முதல் சில நாள் அந்தக் காபி ருசிக்காது. உட்கார்ந்திருப்பது வாசல் படியில் என்றாலும் காது அடுக்களையிலேயே இருக்கும். பிறர் வேலை செய்ய நாம் உட்கார்ந்திருக்கிறோமே என்று குறுகுறுக்கும். அதற்காக எழுந்து போய்விடாதீர்கள். குறுகுறுப்பு பழகிப்போகும், ருசி பிறகு வரும்.

மூன்றாவது, உங்கள் மாமனார். "மாமா உதவி பண்றேன்னு தினமும் சின்ன வெங்காயம் உரிச்சு வெப்பாரு. தோலு கூடமெல்லாம் பறக்கும். அதைக் கூட்டுறது எனக்கு இன்னொரு வேலை." குழுவுக்கு எழுதியிருந்தால் "அன்பான மாமனார்" என்று ஒரு வரியில் முடித்திருப்பீர்கள். அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். எரிச்சலும் உண்மை, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உரித்துவைப்பதும் உண்மை. நல்ல பாதியை மட்டும் எழுதவேண்டும் என்று விதி வைத்தால் மீதிப் பாதி எங்கே போகும்? உங்களுக்கு அது குளியலறைக்குப் போயிருக்கிறது. நன்றி சொல்கிறவள் குறை சொல்லக்கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லலாம்: "நீங்க உரிச்சு வெச்சதால இன்னைக்குச் சாம்பார் வெரசா ஆயிடுச்சுங்க மாமா. நாளைக்கு இந்தப் பழைய பேப்பரை விரிச்சுக்கிட்டு உரிங்க, தோல் பறக்காது."

முகம் தெரியாத நாற்பது பேர் இருக்கும் குழுவுக்கு எழுதுவதைவிட, உரியவரிடம் நேரில், அவர் செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்வது பலமானது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் இதைச் சோதித்தார்கள். தனக்கு நல்லது செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். செய்தவர்களின் மகிழ்ச்சி நன்றாகவே உயர்ந்தது. ஒரு மாதம் வரை இருந்தது, பிறகு கரைந்துவிட்டது. கரைந்தால் என்ன? இன்னொருவருக்குச் சொல்வோம். உங்களுக்கு முதன்முதலில் கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் என்று ஒருவர் இருப்பாரே, அவரிடமிருந்து தொடங்கலாம்.

"இல்லாதவர்களை நினைத்துப் பார், உனக்கு என்ன குறை" என்று உங்கள் நாத்தனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த வாதம் பிடிக்காது. கால் இல்லாத ஒருவரின் வாழ்க்கையை நம் மனசுக்கு மருந்தாக அரைத்துக் குடிப்பது அவருக்கு மரியாதை இல்லை. நமக்கும் அதில் கிடைப்பது குற்றவுணர்வுதான்.

இனி மருத்துவராகச் சில கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்து கிடந்ததா? மனச்சோர்வு நோயைக் கண்டறிய நாங்கள் முதலில் கேட்பவை இந்த இரண்டும்தான். பாலத்துக் காற்று இன்னும் உங்களுக்குப் பிடிக்கிறது என்பது நல்ல அறிகுறி. ஆனாலும் தூக்கம், பசி பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, குளியலறையில் அழுததை எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோய் இல்லை என்று நான் சொல்லிவிடமுடியாது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் மாற்றம், தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு எல்லாமே இதே முகத்தோடு வரலாம். குடும்ப டாக்டரிடம் சொல்லி இவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்றால், அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ தனியாரிடமோ நேரில் காட்டுங்கள். மனச்சோர்வு என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. காபி அதற்கு மருந்தாகாது, நன்றிப் பட்டியலும் ஆகாது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், நேரம் காலம் பார்க்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக, அந்தக் குழுவிலிருந்து எப்படி வெளியே வருவது என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். நாத்தனார் மனசு கோணக்கூடாது என்ற கவலை புரிகிறது. உங்கள்மேல் அக்கறையில்தான் சேர்த்தார், அதையும் சொல்லியே விலகலாம். குழுவில் போடவேண்டாம், அவருக்கு மட்டும் போன் செய்யுங்கள்: "நீங்க என்னை நினைச்சு சேர்த்துவிட்டது எனக்குத் தெரியுங்க. ஆனா தினமும் பத்து எழுதறது எனக்கு ஒத்துவரலை. இனி ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு நோட்டுல ரெண்டு மூணு எழுதிக்கறேன்." உண்மையாகவே அப்படி எழுதுங்கள், தோன்றினால் மட்டும். அவர் வற்புறுத்தினால் இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.